லைப்ரரி ஃபைலில் மூன்று வரிகள்

முதல் எரரைத்தான் படிக்க வேண்டும், அதன் பின்னால் வருவதெல்லாம் முதலாவது இழுத்துக்கொண்டு வந்தவை, இதைக் காலேஜிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், இருந்தும் திரை முழுக்கச் சிவப்பாக ஓடி நிற்கும்போது என் கண் கடைசி வரிக்குத்தான் போகிறது. மேலே போகிறேன். இன்னும் மேலே. முதல் எரர் காட்டும் இடம் எங்கள் ஃபைல் இல்லை. நாங்கள் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோடு ஒரே பொட்டலமாக வந்து இறங்கும் லைப்ரரிக்குள் இருக்கிற ஒரு ஃபைல். யாரோ எந்த நாட்டிலோ எழுதி, இந்த மொழியில் எழுதுகிற அத்தனை பேரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது. அடுக்க, தேட, வரிசைப்படுத்த எல்லாவற்றுக்கும் அதில் ஆயத்தமாக இருக்கிறது. திறந்து படிக்கலாம், கை வைக்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் கை வைப்பதில்லை, கூட்டமான பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தாலும் கியரை யாரும் தொடாத மாதிரி. மணி இரண்டு பத்து. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் ரசவாசனை ஏசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற எங்கள் சாஃப்ட்வேரை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காலையில் சுதர்சனம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நேத்து சாயங்காலம் சர்வர்ல அப்டேட் போட்டாங்கம்மா. அதுல இருந்து நம்ம டோக்கன் சாஃப்ட்வேர் கம்பைல் ஆகல. பாத்துரு." நாலடி போய்த் திரும்பி, "லைப்ரரிக்குள்ள எரர் வருதுன்னா நம்ம ஆளுக யாரோ அதுல கை வெச்சிருக்காங்க. தரணியாத்தான் இருக்கும், அவன்தான அப்ப சர்வர் பாத்துட்டிருந்தான். குறிப்புல அவன் பேரப் போட்டு முடிச்சிரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. இது எங்கள் ஆபீஸ் வழக்கம். எது உடைந்தாலும் காரணக் குறிப்பு எழுத வேண்டும், என்ன, ஏன், யாரால், மூன்று கட்டம். அது இருபத்திரண்டு பேருக்கும் போகும், திங்கட்கிழமை மீட்டிங்கில் சத்தமாகப் படிப்பார்கள். யாரால் என்ற கட்டத்தில் வேலையை விட்டுப் போனவர் பெயர்தான் வரும். போனவர் மேல் எழுதினால் இருக்கிற யாருக்கும் வலிக்காது. ஒருவர் கிளம்பும் நாளில் கேக் வெட்டும்போதே, இனி ஆறு மாசத்துக்கு எல்லாம் உன் தலைலதான் என்று கைதட்டுவார்கள். தரணிதரனுக்கும் அப்படித்தான் கைதட்டினோம். நானும் தட்டினேன். கேக் தின்றேன். க்ரீம் விரலில் ஒட்டியது, டிஷ்யூ கேட்டேன், ரோசலின் கொடுத்தாள், எல்லாம் சாதாரணமாக நடந்தது.

ஃபைலைத் திறக்கிறேன். எரர் சொன்ன வரிக்குப் போகிறேன். போகும் முன்பே தெரிந்துவிட்டது, ஆனாலும் போகிறேன். அந்த மூன்று வரிகள் முழுசாக இருக்கின்றன. முன்னால் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு சாய்கோடு இருந்தது, இரண்டு வருஷமாக இருந்தது, சாய்கோடு போட்டால் கம்பைலர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். ஆறு சாய்கோடு. தரணிதரன் போட்டவை. நேற்றைய அப்டேட் பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதுசை வைத்துவிட்டது, அதில் அவர் கை படவில்லை. இந்தக் கட்டிடத்தில் அவர் விட்டுப்போனது என்று எனக்குத் தெரிந்து அதுதான் மிச்சம் இருந்தது. அவர் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. வேறு எதையும் நான் தேடி வைத்துக்கொள்ளவில்லை, போட்டோவை எல்லாம் அழித்துவிட்டேன், அவர் அழிக்கச் சொல்லவில்லை, நானேதான். சாய்கோட்டை மறந்தே போயிருந்தேன். மறந்தேனா. இல்லை, ஒவ்வொரு முறை சர்வரில் கம்பைல் ஆகி முடியும்போதும் உள்ளே எங்கோ ஒரு இடம், சரி, இன்னைக்கும் தாண்டியாச்சு என்று சொல்லும், அதற்கு நான் மறதி என்று பெயர் வைத்திருந்தேன்.

"ஏய் கோகி." ரோசலின் நாற்காலியோடு உருண்டு வருகிறாள். கையில் காகிதம், பேனாவைக் காதில் செருகியிருக்கிறாள். எங்கள் வரிசையில் எனக்குப் பக்கத்து மேசை, இந்த ஆபீஸில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஆள் சேர்ப்பது அவள்தான். "தரணி கல்யாணத்துக்கு ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு வேன். கோபில மண்டபம். வர்றியா இல்லியா, தெளிவாச் சொல்லிரு. கடைசி நேரத்துல தலவலி, காச்சல்னு ஆரம்பிக்காத."

"பாக்கறேன் ரோஸ்."

"என்னத்தப் பாக்கற. நீ சேந்தப்ப உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்ததே தரணிதான. நீ ரெண்டு எல சாப்பிட்டாத்தான் அவனுக்கு மனசு ஆறும்." அவளே சிரித்துக்கொண்டு என் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு உருண்டு போகிறாள்.

சொல்லிக் கொடுத்தார். ஆமாம். முதல் நாள் கீபோர்டில் எந்த இரண்டை அழுத்தினால் திரை பூட்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் நான்தான் முதல் காலேஜ், அண்ணன் பத்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்க் கேட்க முடியாது, அதனால் எனக்குத் தெரியாமல் இருக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். எந்த ஃபாரத்தையும் மூன்று முறை படிப்பேன். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். நான் எழுதிய முதல் பெரிய வேலை இந்த டோக்கன் சாஃப்ட்வேரில் ஒரு துண்டுதான், இரண்டு நோயாளிகளைக் கொடுத்தால் யார் முதலில் போக வேண்டும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஒரு சின்ன ஃபங்ஷன். மூச்சுத்திணறல் முன்னால், காய்ச்சல் பின்னால், இரண்டும் ஒன்றென்றால் யார் முதலில் வந்தாரோ அவர். அவ்வளவுதான். அதற்குள் நான் ஒரு எண்ணியை வைத்தேன். எத்தனை தடவை ஒப்பிட்டது என்று எண்ண. யாரும் கேட்கவில்லை. சரியாக ஓடுகிறதா என்று எனக்கு நானே பார்த்துக்கொள்ள. லைப்ரரிக்கு அது பிடிக்காது. ஒப்பிடுகிறவன் ஒப்பிடும்போது எதையும் மாற்றக் கூடாது, தன்னிடம் இருப்பதைக்கூட, அப்படி மாற்றமாட்டேன் என்று கான்ஸ்ட் என்ற ஒரு சொல்லை எழுதி உறுதி தர வேண்டும். அந்த உறுதி இருக்கிறதா என்று பார்ப்பவைதான் அந்த மூன்று வரிகள். இல்லையென்றால் நிறுத்தும். எங்கள் மேசைக் கணினிகளில் அப்போது பழைய கம்பைலர், அதில் அந்த மூன்று வரிகள் கிடையாது, என்னுடையது அழகாக ஓடியது. சர்வரில் மட்டும் புதியது. சர்வரில் நின்றது. எரர் வந்த இடம் லைப்ரரி, தப்பு இருந்த இடம் என் ஃபைல். மறுநாள் காலை என் ஆறு மாத ரிவ்யூ. சாயங்காலம் நாலரை மணி. நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் தானாக எழுந்து வந்து, நகருங்க என்று சொல்லி, சர்வரைத் திறந்து, ஆறு சாய்கோடு. இப்படித்தான் நடந்தது. இப்படித்தான் நான் நினைத்து வைத்திருக்கிறேன்.

பத்து நொடி வேலை. பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. மறுபடி ஆறு சாய்கோடு போட்டால் முடிந்தது, நாலு மணிக்கு அனுப்பலாம், அடுத்த அப்டேட் இரண்டு வருஷம் கழித்து வரும், அப்போது நான் இங்கே இருக்கிறேனோ இல்லையோ. முதல் வரியின் முன்னால் கர்சரை வைக்கிறேன். இரண்டு சாய்கோடு. வரி சாம்பல் நிறமாகிறது. அந்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம். அன்றைக்கு அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்து நின்றது, அதைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தேன், அதற்கு முன்பு எந்த ஆண் சட்டையைப் பற்றியும் எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை. இரண்டாவது வரிக்குக் கை போகவில்லை. அழுத்தியதை அழிக்கிறேன். வரி மறுபடி நிறத்துக்கு வருகிறது. ஃபைலை மூடுகிறேன், மாற்றியதைச் சேமிக்கவா என்று கேட்கிறது, வேண்டாம்.

என் ஃபைலைத் திறக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன், பரீட்சைத் தாள் மாதிரி. கான்ஸ்ட் சேர்க்கிறேன். கம்பைல். இப்போது எரர் என் ஃபைலிலேயே வருகிறது, ஒரே ஒரு எரர், மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு எண்ணியை மாற்றுகிறாய் என்கிறது. நியாயம்தான். எண்ணியை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அந்த எண்ணியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று தேடுகிறேன், யாரும் இல்லை, இத்தனை நாளும் அது யாருக்கும் சொல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அம்மா என்னை ஒரு தடவைதான் பார்த்தார். அவர் தங்கச்சி கல்யாணச் சீருக்கு ஆபீஸில் பத்துப் பேர் போயிருந்தோம். நல்லவராகத்தான் தெரிந்தார். ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டார். "உனக்கு எந்தூரு கண்ணு?" "சேவூர்ப் பக்கமுங்க." "சேவூர்ல எங்க, ஊருக்குள்ளயா?" நான் எங்கள் தெருவைச் சொன்னேன். ஓ என்றார், தலையை ஆட்டினார், சிரித்த முகம் மாறவில்லை. கிளம்பும்போது எல்லோருக்கும் முறுக்கும் லட்டும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தார், டப்பாவ மறக்காம தரணிகிட்டக் குடுத்து உட்ருங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என்னிடம் வந்தபோது, "உம்பட டப்பாவத் திருப்பித் தர வேண்டாங் கண்ணு, நீயே வெச்சுக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை மட்டும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். வேனில் பாதி வழி வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹாஸ்டலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், போன். "அம்மா மூணு நாளா சாப்புடறதில்ல கோகிலா." கொடிக்குப் போன கையை இறக்கினேன். "நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு." கையில் ஈரத் துப்பட்டா, முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. சரிங்க என்றேன். அவர் இன்னும் என்னவோ பேசினார், பெங்களூரில் வேறு வேலை தேடிக்கொள்கிறேன், ஒரே ஆபீஸில் இருக்க முடியாது, நான் அதற்கும் சரிங்க என்றேன். ஏன் சரிங்க என்றேன். ஏன் கத்தவில்லை. எண்ணியை எடுத்துவிட்டேன். சேமித்துவிட்டேன். கம்பைல் அழுத்துகிறேன். சர்வரில் முழுசாகக் கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். மூன்று இருபதுக்குத் தெரிந்துவிடும்.

அதற்குள் குறிப்பு. என்ன என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். ஏன் என்ற கட்டத்தில், லைப்ரரி ஃபைலில் செய்யப்பட்ட மாற்றம் அப்டேட்டில் அழிந்தது. உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. யாரால். இந்தக் கட்டத்தில் தரணிதரன் என்று எழுதினால் அதுவும் உண்மை, அவர் விரல்தான் அழுத்தியது, சர்வரில் பதிவுகூட இருக்கும். திங்கட்கிழமை சத்தமாகப் படிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அவர் அப்போது புதுமாப்பிள்ளையாக எங்கோ விருந்தில் உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை. என்னுள் ஒருத்தி எழுது என்கிறாள். ஒரே ஒரு இடத்திலாவது அவர் தப்புச் செய்தார் என்று எழுதி இருக்கட்டும், இருபத்திரண்டு பேர் படிக்கட்டும். த என்று அழுத்துகிறேன். என் பெயரை எழுதினால் என்ன ஆகும். இந்த மாதம்தான் என்னை சீனியர் ஆக்குவது பற்றி சார் பேசினார், அது போகலாம். அது போனாலும் பரவாயில்லை, இல்லை, பரவாயில்லை என்பது பொய், அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். அதைவிட, என் தப்பை மறைக்க அவர் எதற்காக லைப்ரரியில் கை வைத்தார் என்று கேட்பார்கள். அவ்வளவு ஒழுங்கான ஆள், எதற்கு. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அதை இரண்டு வருஷமாக இந்த ஆபீஸில் ஒரு ஆளிடம்கூடச் சொன்னதில்லை. அவர்தான் மறைத்தார், வீட்டில் மறைத்தார், வெளியில் மறைத்தார், அதனால்தான் அவ்வளவு சுலபமாகப் போக முடிந்தது, கேக் வெட்டிவிட்டு. இப்படி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிடி கிடைக்கும், பஸ் கம்பி மாதிரி. இப்போது அதைப் பிடிக்கப் போகிறேன், கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்த நாலரை மணி மறுபடி வருகிறது, நான் வைத்திருந்த மாதிரி வரவில்லை.

அவர் தானாக எழுந்து வரவில்லை. நான்தான் போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வந்து பார்த்தார், எரரைப் படித்தார், முதல் எரரை, உடனே கண்டுபிடித்துவிட்டார். "தப்பு உங்க ஃபைல்லதாங்க. அந்த எண்ணிய எடுத்துட்டாச் சரியாயிரும். ஆனா ரிவ்யூக்குக் குடுத்த ஃபைல மாத்தினா சார்கிட்டச் சொல்லோணும். போய்ச் சொல்லிருங்க, அவரு ஒண்ணும் நெனைக்கமாட்டாரு." இதுதான் அவர் சொன்னது. எனக்கு இப்போது அந்தக் குரல் அப்படியே கேட்கிறது, இத்தனை நாள் எங்கே இருந்தது. நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. "யாருக்கும் தெரியாம பண்ணித் தர முடியுங்களா?" நான் கேட்டேன். என் வாய். அவருக்குச் செய்யப் பிடிக்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது, அது தெரிந்தும் நான் அங்கேயே நின்றேன். அப்புறம்தான் சர்வரைத் திறந்தார். அதற்கு மூன்று மாதம் கழித்து சரவணம்பட்டி பஸ் ஸ்டாப்பில், "ரோசலின்கிட்டயாவது சொல்லீரலாமா, அவ வெளிய சொல்லமாட்டா" என்று அவர்தான் கேட்டார். வேண்டாங்க என்றேன். வேலை கன்ஃபர்ம் ஆகட்டும் என்றேன். கன்ஃபர்ம் ஆனதும், இந்த வருஷம் போகட்டும். ஆபீஸில் ஆள் பிடித்துவிட்டாள் என்று ஒருவர்கூட என்னைப் பற்றிப் பேசிவிடக் கூடாது, நான் படித்து வந்தவள் என்று மட்டும்தான் தெரிய வேண்டும். அவர் இரண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் அம்மா சாப்பிட்டிருப்பாரா. இல்லை. அவர் போகாமல் இருந்திருப்பாரா. தெரியவில்லை. ஆனால் அந்தக் கேக் வெட்டின நாளில் இந்த அறையில் ஒருவராவது என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

மூன்று இருபத்தி மூன்று. பச்சையாக வந்துவிட்டது. எரர் இல்லை, எச்சரிக்கைகூட ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்தது என்று ஒரு வரி. சந்தோஷப்பட வேண்டிய இடம். அந்த த-வை அழிக்கிறேன். யாரால்: கோகிலவாணி. பிறகு ஏன் என்ற கட்டத்துக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். நான் எழுதிய ஒப்பிடும் ஃபங்ஷனில் தப்பு இருந்தது. அது சர்வரில் எரர் தந்தபோது சாரிடம் சொல்லச் சொன்ன தரணிதரனை, நான் கெஞ்சிக் கேட்டு, லைப்ரரி ஃபைலில் மூன்று வரிகளை முடக்க வைத்தேன். அவருக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு வருஷம் இதைச் சொல்லாமல் இருந்ததும் நான்தான். இன்று என் ஃபைலைத் திருத்திவிட்டேன், லைப்ரரியைத் தொடவில்லை. மூன்று முறை படிக்கிறேன். அனுப்புகிறேன். அறையில் அங்கங்கே டிங் என்று சத்தம் கேட்கிறது.

சுதர்சனம் சார்தான் முதலில் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தார். "கட்டி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுதுங்க சார். அனுப்பிரலாம்."

"நல்லது." நின்றார். "ஏம்மா, இவ்வளவு எழுதோணுமா? அவன் பேரு ஒண்ணு போதுமே. போனவன்தான."

"கேட்டது நான்தானுங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோபம் இல்லை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. "சரி. திங்கக்கெழம பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவர் முதுகைப் பார்த்தேன், முதுகில் ஒன்றும் இல்லை.

ரோசலின் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒரு தடவை படித்துவிட்டாள், மறுபடி மேலே தள்ளி முதலில் இருந்து படிக்கிறாள், எனக்குத் தெரிகிறது. வழக்கமாக இந்நேரம் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள். நாற்காலியை மெல்ல என் பக்கம் திருப்பினாள். "கோகி. அவன் இதெல்லாம் பண்ற ஆளே கெடையாதேடி. நான் கேட்டப்ப ஒரு பாஸ்வேர்டு தரமாட்டேன்னுட்டான். உனக்கு எதுக்குப் பண்ணுனான்?"

நல்ல மனசு என்று சொல்லலாம். பாவம் பார்த்தார் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிக்கு வந்தன, இரண்டு வருஷப் பழக்கம், அவை தானாகவே வரும்.

"என்னையக் கட்டிக்கறதா இருந்தாரு" என்றேன்.

என் குரல் அந்தச் சொற்களை இந்த அறையில் சொல்லி நான் கேட்டதே இல்லை. சத்தமாகக்கூட இல்லை. ரோசலின் முழங்காலில் கிடந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, நான்காக மடித்து, தன் கைப்பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். எதிர் வரிசையில் யாரோ எழுந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவள் தன் நாற்காலியை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அறைக்கு முதுகைக் காட்டி, வேறு யாருக்கும் என் முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவர் போய் ஆறு மாதம் கழித்து அப்போதுதான் அழுதேன்.